செத்த பாதுஷாவின் ரூபாய்: ஆற்காட்டு வெள்ளியும் சேகரிப்பின் அரசியலும்

1

தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, கையில் புழங்கும் காசு. இன்னொன்று, வாக்குத் தவறாத குணம். 'அவரு நாணயமான மனுஷன்' என்று சொல்லும்போது காசு ஞாபகத்துக்கு வருவதில்லை. ஆனாலும் காசு பொய் சொல்லாது என்கிற நம்பிக்கை அந்தப் பேச்சுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. வரலாறு எழுதுகிறவர்களையும் இந்த நம்பிக்கை விடவில்லை. மெய்க்கீர்த்தி என்றால் புகழ்ச்சி என்று கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். பாட்டு என்றால் புலவனின் மிகை என்பார்கள். காசில் பெயர் கிடைத்துவிட்டால் மட்டும் மறுபேச்சு கிடையாது; அந்த ராஜா இருந்தான், ஆண்டான், அவ்வளவுதான்.

1980களில் 'பெருவழுதி' என்ற பெயர் தமிழ் பிராமி எழுத்தில் பொறித்த செப்புக் காசை இரா. கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்டு வெளியிட்டபோது அப்படித்தான் நடந்தது. பிறகு மாக்கோதை, குட்டுவன்கோதை என்று பெயரும் முகமும் கொண்ட சேரர் வெள்ளிக் காசுகளும் சேர்ந்துகொண்டன. சங்க இலக்கியத்து ராஜாக்கள் புலவர்களின் கற்பனை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அவை பதில் சொல்லின. அந்த வேலையின் மதிப்பைக் குறைப்பது இங்கே நோக்கமில்லை. ஆனால் அதிலிருந்து ஒரு வாசிப்பு முறை நமக்குப் பழகிப்போய்விட்டது: காசு என்றால் ராஜா, ராஜா என்றால் வரலாறு, வரலாறு என்றால் பெருமிதம். இந்தச் சூத்திரத்துக்குள் அடங்காத காசுகளை நாம் கண்டுகொள்வதில்லை.

அப்படிக் கண்டுகொள்ளாமல் விட்ட ஒன்று ஆற்காட்டு ரூபாய். சம்மட்டியால் அடித்த வெள்ளி. சுமார் பதினொன்றரை கிராம் எடை. கண்ணமங்கலம், ஆரணி, போளூர், வேலூர் என்று எங்கள் பகுதி முழுக்க ஒரு காலத்தில் வரியாகவும் கடனாகவும் முன்பணமாகவும் சுற்றி வந்த காசு அது. அதில் தமிழ் எழுத்து இல்லை, மீனும் வில்லும் புலியும் இல்லை. பாரசீகத்தில் எழுதிய நாலு வரி. நமக்குப் பெருமைப்பட அதில் ஒண்ணுமில்லை. அதனாலேயே அதைப் படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2

கம்பெனி அடித்த ஆற்காட்டு ரூபாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம், இது பாதுஷா ஆலம்கீரின் மங்கல நாணயம் என்கிறது. ஹிஜ்ரி 1172 என்று ஆண்டும் போட்டிருக்கிறது. மறுபக்கம், அவருடைய மங்கலமான ஆட்சியின் ஆறாவது வருஷம், ஆற்காட்டில் அடிக்கப்பட்டது என்கிறது. ஓரத்தில் ஒரு சின்னத் தாமரைப் பூ. இந்தப் பிரதியில் மூன்று செய்திகள் இருக்கின்றன: யார், எப்போது, எங்கே. மூன்றும் பொய்.

ஆலம்கீர் என்றால் இங்கே ஔரங்கசீப் இல்லை. 1754இல் டில்லியில் உட்காரவைக்கப்பட்ட இரண்டாம் ஆலம்கீர். 1759 நவம்பரில் சொந்த வஜீரின் ஏற்பாட்டில் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகும் சென்னையில் கம்பெனி அவர் பெயரில் ரூபாய் அடித்துக்கொண்டே இருந்தது. 1807இல் இயந்திரம் வந்தது, காசின் விளிம்பு சீரானது, எழுத்து தெளிவானது. பெயரும் வருஷமும் மட்டும் மாறவில்லை. 1835 வரை அதே ஆலம்கீர், அதே 1172, அதே ஆறாம் வருஷம். ஐந்தரை வருஷம் ஆண்ட ஒரு மனிதர் செத்தபிறகு எழுபத்தைந்து வருஷம் நாணயம் வெளியிட்டார்.

இடமும் பொய். 'ஆற்காடு' என்று போட்ட ரூபாயை ஆற்காட்டில் மட்டும் அடிக்கவில்லை. 1736இல் நவாப் தோஸ்து அலி கானிடம் அனுமதி வாங்கி, கவர்னர் துய்மா காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அடிக்கத் தொடங்கினார்கள். அவர்களுடைய அடையாளம் பிறை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தொடங்குவதும் அதே 1736இல்தான். 1742இல் ஆங்கிலேயருக்கும் ஆற்காட்டு ரூபாய் அடிக்கும் உரிமை கிடைத்தது. அதே வருஷம் சிந்தாதிரிப்பேட்டையில் இன்னொரு அக்கசாலை வந்தது. பின்னாளில் கல்கத்தாவில்கூட 'ஆற்காடு' அடித்தார்கள். வங்காளத்தில் துணி கொள்முதலுக்கு அந்தக் காசு கேட்டார்கள் என்பதால்.

சிந்தாதிரிப்பேட்டை என்ற இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1734இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், சுங்குராமரின் தோட்டத்தை எடுத்து, கம்பெனிக்குத் துணி நெய்வதற்காக நெசவாளர்களையும் நூற்பவர்களையும் குடியேற்றிய ஊர் அது. சின்னத் தறிப் பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். எட்டே வருஷத்தில் தறிக்குப் பக்கத்திலேயே கம்பட்டமும் வந்துவிட்டது. தங்கசாலைத் தெருவுக்கும் முந்தைய பெயர் வண்ணார் தெரு. கம்பெனித் துணியை வெளுத்தவர்களின் தெரு. துணியும் காசும் இப்படிப் பக்கத்துப் பக்கத்து வீடாக இருந்தது தற்செயல் இல்லை. துணி வாங்கத்தான் காசு.

3

ஏன் இந்தப் பொய்? சொந்த ராஜாவின் பெயரைப் போட்டுக்கொள்ளக் கம்பெனிக்கு என்ன தயக்கம்?

சந்தை ஏற்றுக்கொண்ட பெயர் 'ஆற்காடு'. ஜார்ஜ் என்று போட்ட வெள்ளியை ஆரணிச் சந்தையில் நீட்டினால் அது வெறும் வெள்ளி. எடை போட்டு, உரசிப் பார்த்து, வட்டம் கழித்துத்தான் வாங்குவார்கள். ஆற்காடு என்று போட்டால் அது ரூபாய். ஆக, நவாபிடம் கம்பெனி வாங்கியது உலோகத்தை இல்லை, ஒரு பெயரை. குறிப்பானைக் கைப்பற்றினால் குறிப்பீடு தானாக வந்து சேரும் என்பது நம் காலத்துக் கோட்பாட்டாளர்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. 18ஆம் நூற்றாண்டு வியாபாரிக்கு அது தெரிந்திருந்தது.

வருஷத்தை உறையவைத்ததற்குப் பின்னால் இன்னொரு கணக்கு. மொகலாய முறையில் நடப்பு வருஷத்து ரூபாய்க்கு முழு மதிப்பு. வருஷம் பழசாகப் பழசாக வட்டம் கழியும். வெள்ளி தேயாவிட்டாலும் மதிப்பு தேயும். வருஷம் மாறாத ரூபாய்க்கு இந்தத் தொல்லை இல்லை. வங்காளத்திலும் கம்பெனி இதைத்தான் செய்தது; ஷா ஆலமின் 19ஆம் வருஷத்திலேயே அங்கே காலம் நின்றுவிட்டது. பெட்டியில் கிடக்கும் பணம் பழசாகாமல் இருக்க, ஒரு ராஜாவின் காலத்தையே நிறுத்திவைத்தார்கள். காலம் என்பதும் அதிகாரம் அடிக்கிற முத்திரைதான் என்பதற்கு இதைவிடத் திடமான உதாரணம் கிடைக்காது.

எங்கள் பக்கத்து யுத்தம் ஒன்றை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 1751 டிசம்பர் 3ஆம் தேதி ஆரணியில் ராபர்ட் கிளைவும் மராட்டியக் குதிரைப்படையும் ஒரு பக்கம். சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் மறுபக்கம். பாடப்புத்தகத்தில் இது கிளைவின் வீரத்தில் ஓர் அத்தியாயம். சண்டை முடிந்தபோது ராஜா சாகிபின் படைப்பணப் பெட்டி, ஒரு லட்சம் ரூபாய், மராட்டியர் கைக்குப் போயிற்று. அவரிடம் இருந்த சிப்பாய்களில் நூற்றுக்கணக்கானோர் ஆயுதத்தோடு கிளைவிடம் வந்து சேர்ந்தார்கள். துரோகம் என்று இதற்குப் பெயர் வைக்கலாம். சம்பளம் கொடுக்க முடியாதவனை விட்டுக் கொடுக்கிறவனிடம் போனார்கள் என்றும் சொல்லலாம். பிறை போட்ட ரூபாயாக இருந்தால் என்ன, தாமரை போட்டதாக இருந்தால் என்ன, இரண்டிலும் ஒரே பாதுஷா, ஒரே ஆற்காடு.

பிறகு அந்த ஆற்காட்டையே ரூபாய் விழுங்கியது. நவாப் முகமது அலி, கம்பெனி உத்தியோகஸ்தர்களிடமே தனிப்பட்ட முறையில் கடன் வாங்கினார். கிராமங்களின் வரிப்பணத்தை அதற்கு ஈடாக எழுதிக்கொடுத்தார். 1785இல் எட்மண்ட் பர்க் லண்டன் நாடாளுமன்றத்தில் பேசிப் பேர் வாங்கியது இந்தக் கடன் கதையைத்தான். 1801இல் கர்நாடகம் முழுவதும் கம்பெனி கைக்குப் போனது. 'என்னமோ ஆற்காட்டு நவாபு மாதிரி' என்று கிராமத்தில் கேலி பேசுவோம். அந்த நவாபு தலைவரைக்கும் கடனில் மூழ்கியவர் என்பது கேலியில் வராது. ஆற்காட்டுக் கோட்டையில் இன்று டெல்லி கேட் மிச்சமிருக்கிறது. காசில் இருந்த ஊர்ப் பெயர் ஊரைவிடப் பலசாலியாக இருந்தது.

4

இது கீழைநாட்டுக் கோணல், வெள்ளைக்காரன் ஊரில் காசு ஒழுங்காக இருந்திருக்கும் என்று யாராவது நினைத்தால், இங்கிலாந்தின் பழைய வெள்ளிக் காசுகளைப் பார்க்கலாம். பிளாண்டாஜெனட் வம்சத்து முதல் ராஜா இரண்டாம் ஹென்றி 1180இல் ஒரு புதிய பென்னி வெளியிட்டார். ஒரு பக்கம் ராஜா முகமும் 'ஹென்றிகஸ்' என்ற பெயரும். மறுபக்கம் ஒரு சின்னச் சிலுவை. 1189இல் ஹென்றி செத்தார். ரிச்சர்ட் வந்தார், போனார். ஜான் வந்தார், போனார். காசில் மட்டும் ஹென்றிகஸ் இருந்துகொண்டே இருந்தார். 1247 வரை அதே சின்னச் சிலுவைதான். சிங்கநெஞ்சன் என்று சினிமாவெல்லாம் எடுத்த ரிச்சர்டின் பெயரில் இங்கிலாந்தில் ஒரு பென்னிகூடக் கிடையாது. இங்கேயும் செத்த ராஜாவின் காசு. இங்கேயும் காரணம் அதேதான். ஜனங்களுக்குப் பழகிய காசை மாற்றினால் வியாபாரம் கெடும்.

ஆனால் அந்தப் பென்னியில் ஆற்காட்டு ரூபாயில் இல்லாத ஒன்று உண்டு. சிலுவையைச் சுற்றி, அடித்த அக்கசாலைக்காரரின் பெயரும் ஊரும் இருக்கும். உழைப்பவனுக்கு எவ்வளவு மரியாதை என்று அவசரப்பட்டுப் பூரிக்க வேண்டாம். வெள்ளி குறைந்தால் யார் கையை வெட்டுவது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. 1124இல் இந்த ஹென்றியின் பாட்டனார், முதலாம் ஹென்றி, மட்டக் காசு அடித்ததாக இங்கிலாந்தின் அக்கசாலைக்காரர்களை வரவழைத்து வலது கையை வெட்டச் சொன்னார். காசின் ஓரத்தை வெட்டித் திருடியதாகக் குற்றம்சாட்டி 1278-79இல் முதலாம் எட்வர்ட் ஆட்சியில் நூற்றுக்கணக்கான யூதர்களைத் தூக்கில் போட்டார்கள். 1290இல் யூதர்களை நாட்டைவிட்டே துரத்தினார்கள். இன்று லண்டன் ஏலத்தில் அந்த எட்வர்டின் பென்னி 'அழகான முகம்' என்ற வர்ணனையோடு விற்கிறது.

நம் காசில் அந்தப் பெயர்கூட இல்லை. வெள்ளியை உருக்கி, வெட்டி, எடை சரிபார்த்து, பட்டறையில் பதித்த கீழ் முளைமேல் வைத்து, மேல் முளையைக் கையில் பிடித்து, சம்மட்டியால் ஓங்கி அடித்தவர்கள் இருக்கிறார்கள். கம்பட்டம், கம்பட்டமுளை, கம்பட்டக்கூடம் என்று அவர்களுடைய தொழிலுக்குத் தமிழில் சொற்கள் இருக்கின்றன. சங்கப் புலவர் வரிசையிலேயே வடம வண்ணக்கன் பேரி சாத்தனார் இருக்கிறார். வண்ணக்கன் என்றால் காசு பார்த்து மாற்றுச் சொல்பவர். சொல் இருக்கிறது, ஆள் இல்லை.

5

இனி சேகரிப்பவர்களுக்கு வருவோம்.

இவர்கள் இல்லாவிட்டால் ஆற்காட்டு ரூபாய் என்ற பொருளே இன்று மிஞ்சியிருக்காது. அரசாங்க அருங்காட்சியகங்கள் காசை இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கின்றன. சாயங்காலம் கடை மூடிவிட்டுப் பூதக்கண்ணாடியோடு உட்காரும் சின்ன வியாபாரி, ஓய்வுபெற்ற வாத்தியார், தபால் ஊழியர் போன்றவர்கள்தான் பிறையையும் தாமரையையும் பிரித்து, மொகலாய வருஷம் படித்து, வகை பிரித்துப் பட்டியல் போட்டவர்கள். பல்கலைக்கழகங்கள் செய்யாத வேலை. 1888இல் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றிப் புத்தகம் போட்ட லோவெந்தால் வேலூரில் இருந்த டேனிஷ் மிஷனரி.

இருந்தாலும் சேகரிப்பு வெறும் பாதுகாப்பு வேலை கிடையாது. அது ஒரு பார்வை. எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கக் கூடாது என்று கற்றுக்கொடுக்கும் ஒழுங்கு. சென்னையில் இந்தப் பார்வையைக் கட்டியவர்களில் முக்கியமானவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் தலைவர். 1890இல் தென்னிந்தியக் கம்பெனி நாணயங்களின் வரலாற்றையும் அருங்காட்சியகக் காசுகளின் பட்டியலையும் வெளியிட்டார். 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் வெளியிட்டவரும் இவரே. காசின் விட்டத்தை அளந்தவரே மனுஷர்களின் மண்டையையும் மூக்கையும் அளந்தார். எடை, அளவு, வகை, எண். காசுக்கும் ஆளுக்கும் ஒரே பட்டியல்.

இது ஒரு தனி ஆளின் கிறுக்கு என்று ஒதுக்க முடியாது. இன்றைக்கு உலகம் முழுக்கக் காசின் தரத்தை 70 புள்ளிக்கு மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்து விற்கிறார்கள். இந்த 70 புள்ளி அளவுகோலை 1949இல் உருவாக்கியவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர். மனித உடம்புகளை மூன்று வகையாகப் பிரித்து, உடம்பின் அமைப்பிலிருந்து குணத்தைச் சொல்லலாம் என்று சாதித்த மனோதத்துவக்காரரும் அவரேதான். கல்லூரி மாணவர்களை நிர்வாணமாகப் படம் எடுத்து மதிப்பெண் போட்டவர். அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் காசுகளைத் தன்னிடமிருந்த மட்டமானவற்றோடு மாற்றி எடுத்துக்கொண்டதும் அவர் செத்த பிறகு வெளிவந்தது. சென்னையில் ஒருவர், அமெரிக்காவில் ஒருவர்; இருவர் கையிலும் காசும் உடம்பும் ஒரே மேசைக்கு வந்தன. உடம்பைப் பொருளாக்கும் அறிவும் பொருளைத் தரம் பிரிக்கும் அறிவும் அண்ணன் தம்பி.

6

அந்த அளவுகோல் என்ன சொல்கிறது? புழக்கத்துக்கே போகாத காசு உச்சம். கைபட்டுத் தேய்ந்தது கீழே. ஓட்டை போட்டுக் கழுத்தில் மாட்டியது அதற்கும் கீழே. ஆற்காட்டு ரூபாய்க்கு இன்னொரு 'குறை'யும் உண்டு: சராப்பு முத்திரை. காசுக்கடைக்காரர் ஒரு ரூபாயைச் சுண்டிப் பார்த்து, ஓசை கேட்டு, வெள்ளி சரி என்று தெரிந்தால் தன் சிறு உளியால் அதில் ஒரு குறி அடிப்பார். அடுத்த தடவை அதே காசு தன்னிடம் வந்தால் மறுபடியும் சோதிக்க வேண்டியதில்லை. பத்துச் சந்தை சுற்றிய ரூபாயில் பத்துக் குறிகள். பாதுஷாவின் பெயரே மறைந்துபோகும் அளவுக்குச் சில ரூபாய்கள் குத்துப்பட்டிருக்கும். சேகரிப்பாளர்கள் இவற்றை ஒதுக்குகிறார்கள். விலை பாதிக்கும் கீழே போகிறது.

நமக்கு இங்கேதான் விஷயம் தொடங்குகிறது. பாதுஷா, வருஷம், ஊர் மூன்றும் பொய்யான காசில் உண்மை சொல்பவை இரண்டே: வெள்ளியின் எடையும் இந்தக் குத்துகளும். அரசன் அடித்தது பொய், சந்தை அடித்தது நிஜம். ஒரு ரூபாய் யார் கைக்கெல்லாம் போனது, எத்தனை தடவை சந்தேகிக்கப்பட்டது, எத்தனை தடவை நம்பப்பட்டது என்பதெல்லாம் அந்தக் காயங்களில் இருக்கிறது. சேகரிப்புச் சந்தை இதைக் குறை என்கிறது. யார் கையும் படாத காசுக்கு அதிக விலை கொடுப்பதும், யார் கையும் படாத வரலாறு எழுதுவதும் ஒரே மனோபாவம். கைபடுவது தீட்டு என்று பழகிய சமூகத்தில் இந்த மனோபாவம் எவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லவேண்டியதில்லை.

தேய்மானத்தை மார்க்ஸ் 1859இல் எழுதிய அரசியல் பொருளாதார விமர்சனத்தில் பேசுகிறார். கைமாறிக் கைமாறித் தேயும் காசு தன் எடையை இழக்கிறது, பெயரை இழப்பதில்லை. அப்படித்தான் பொருள் குறியாக மாறுகிறது என்பது அவர் வாதம். உலகச் சந்தையை வைத்துப் பேசினார் அவர். எங்கள் பக்கத்துக் கணக்கில் அந்தத் தேய்மானத்தை யார் சுமந்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

கணக்கு இப்படி. கம்பெனி சென்னையில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்று விகிதம் வைத்திருந்தது. 1818 ஜனவரியில் வெள்ளி ரூபாயே இனி அடிப்படை என்று அறிவித்து, நூறு வராகனுக்கு 350 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அதாவது ஒரு ரூபாய் 12 பணம், 960 காசு. காகிதத்தில் இது சுத்தம். நெசவாளியும் விவசாயியும் வாழ்ந்தது 960இன் பக்கம். உப்பு, எண்ணெய், சோளம் எல்லாம் காசில். வரி கேட்டது ஒன்றின் பக்கம், கிஸ்தி ரூபாயில். இந்த இரண்டுக்கும் நடுவில் சராப்பு உட்கார்ந்திருந்தார். கிஸ்தி நாள் நெருங்கினால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ரூபாய் வேண்டும். ரூபாய் விலை ஏறும், தானியத்தின் விலை இறங்கும். கூலி வாங்கும்போது ஒரு வட்டம், வரி கட்டும்போது ஒரு வட்டம். தேய்ந்த ரூபாயைக் கொண்டுவந்தால் அதற்குத் தனி வட்டம். நெசவாளிக்குத் தறிமேல் மோதர்பா என்ற தொழில்வரியும் இருந்தது. தன் தறிக்குக் கட்டிய வரியிலிருந்தே தன் துணிக்கு முன்பணம் வரும். ஒரே ரூபாய் சுற்றி வந்து அவன் கழுத்திலேயே விழும். அதில் யார் பெயர் எழுதியிருந்தது என்று அவனுக்குப் படிக்கத் தெரியாது. பாரசீகம் படிக்கத் தெரிந்திருந்தாலும் பிரயோஜனமில்லை, அதுதான் பொய்யாயிற்றே.

7

1835இல் நாலாம் வில்லியம் ராஜாவின் தலை போட்ட ஒரே மாதிரி ரூபாய் இந்தியா முழுக்க வந்தது. ஆலம்கீருக்கு ஒருவழியாக விடுதலை. ஆற்காட்டு ரூபாய்கள் எங்கே போயின? அக்கசாலைக்குத் திரும்பிப் புது ரூபாய் ஆனவை உண்டு. மிச்சம் தட்டார் வீட்டு மூசையில் கொலுசாகவும் அரைஞாணாகவும் காப்பாகவும் ஆயின. வெள்ளி உருகினால் அதற்கு முன்ஜென்மம் ஞாபகம் இருப்பதில்லை.

பட்டு நெய்யும் ஊர்களுக்கு இது நன்றாகவே தெரியும். கண்ணமங்கலத்திலும் ஆரணியிலும் தறியில் ஓடும் அசல் ஜரிகை என்பது பட்டு நூல்மேல் சுற்றிய வெள்ளிக் கம்பி, அதன்மேல் தங்க முலாம். 'பழைய பட்டுப்புடவை, ஜரிகைப் புடவை வாங்குறது' என்று தெருவில் கூவிக்கொண்டு வருபவர் புடவையை யாரும் கட்டிக்கொள்வதற்காக வாங்கவில்லை. எரித்து வெள்ளி எடுப்பதற்காக. முப்பது வருஷத்துக்கு முன்னால் இருபது நாள் உட்கார்ந்து ஒருத்தர் நெய்த கொடியும் அன்னமும் ஒரு பிடி சாம்பல். அதில் கொஞ்சம் வெள்ளி. காசுக்கு நடப்பதுதான் புடவைக்கும் நடக்கிறது. உழைப்பு எரிகிறது, உலோகம் மிஞ்சுகிறது. தறிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரோ இன்றைக்கும் முன்பணம் வாங்கிய முதலாளிக்குத்தான் நெய்கிறார்.

சட்டமும் உலோகத்தின் பக்கம்தான். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் புதைந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் கலெக்டருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஒரு வருஷம்வரை சிறை. சர்க்கார் எடுத்துக்கொண்டால் கொடுக்கும் ஈடு என்ன? அந்தப் பொருளில் இருக்கும் உலோகத்தின் விலை, அதோடு ஐந்தில் ஒரு பங்கு. வரலாற்றுக்கு இருபது சதவீதம். கிணறு தோண்டும்போது ஒரு கலயம் அகப்பட்ட கூலியாளுக்கு இந்தக் கணக்கு சொல்லித்தரத் தேவையில்லை. ராத்திரியோடு ராத்திரியாக நகைப்பட்டறைக்குப் போனால் அதே விலை கிடைக்கும், போலீஸ் வராது. ஆங்கிலத்தில் வரி வசூலிப்பவருக்கும் காசு சேகரிப்பவருக்கும் ஒரே பெயர், 'கலெக்டர்'. இரண்டு கலெக்டர்களிடமும் அவருக்குப் பயம் இருப்பதில் நியாயம் உண்டு.

இங்கிலாந்தில் 1996இல் சட்டத்தை மாற்றினார்கள். புதையல் எடுத்தவருக்குச் சந்தை விலை. 1997 முதல், புதையல் என்று சட்டம் சொல்லாத சில்லறைப் பொருளைக்கூட எந்த வயலில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்று பதிவுசெய்ய ஆட்களை வைத்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் பொருள்கள் பதிவாகியிருக்கின்றன. ராஜா யார் என்பது ஏற்கெனவே தெரிந்த கதை; எந்தக் கிராமத்துக் கையில் காசு புழங்கியது என்பதுதான் புதிய அறிவு. நம் ஊரில் ஒரு காசு அதன் வயலிலிருந்து கடைக்கு வருவதற்குள் இடம் தொலைந்துவிடுகிறது. 'வட ஆற்காடு மாவட்டத்தில் கிடைத்தது' என்று எழுதுவார்கள். 1989இல் அந்த மாவட்டமே இரண்டாகப் பிரிந்துபோயிற்று.

8

என்ன செய்யலாம்?

சேகரிப்பவர்களை வில்லன்களாக்குவதில் அர்த்தமில்லை. அவர்களோடு பேச வேண்டும். ஒரு ரூபாயை வாங்கும்போது அதன் ராஜாவையும் ரகத்தையும் குறித்துக்கொள்ளும் அதே நோட்டில் இன்னும் மூன்று வரிகள் எழுதச் சொல்ல வேண்டும்: எந்த ஊர், எந்த மாதிரி இடம், கூட என்னவெல்லாம் கிடைத்தது. சராப்புக் குறிகளைத் தனியாகப் படியெடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். ஆரணிப் பக்கம் கிடைத்த ரூபாயிலும் புதுச்சேரிப் பக்கம் கிடைத்த ரூபாயிலும் ஒரே குறி இருந்தால், எந்தச் சாலை வழியாகப் பணம் நடந்தது என்று தெரியும். நெசவூர்களின் கடன் வரலாற்றுக்கு அதைவிட நல்ல ஆவணம் கிடைப்பது கஷ்டம். பழைய அடகுக் கடைக் கணக்குகள், முன்பணச் சீட்டுகள், கிஸ்தி ரசீதுகள் எல்லாம் வீடுகளில் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு ஏலத்தில் விலை இல்லை. அதனாலேயே அவற்றைச் சேகரிக்க நம்மைப் போன்றவர்களால் முடியும்.

எழுத்தாளர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் வரலாறு என்றதும் பெருவழுதிக்கும் ராஜராஜனுக்கும் ஓடுகிறோம். அடித்தள மக்கள் வரலாறு பேசுபவர்களும் முதலில் தேடுவது தங்கள் பக்கத்து ராஜா ஒருவரைத்தான். ஒவ்வொரு சாதிச் சங்கத்தின் மேடையிலும் ஒரு கிரீடம் இருக்கிறது. ஆற்காட்டு ரூபாய் அந்தத் தேடலுக்கு ஒத்துழைக்காது. அதில் யாருடைய ராஜாவும் இல்லை. இருந்த ஒரே ராஜாவும் செத்தவர், அதுவும் வேறு ஊர்க்காரர். அதை உரிமை கொண்டாட எவரும் வரமாட்டார்கள். அதனால்தான் அது நம்முடையது. அதைச் சுண்டிப் பார்த்தவர்கள், குத்தி அடையாளம் போட்டவர்கள், வட்டம் கொடுத்து அழுதவர்கள், உருக்கிக் குழந்தைக்குக் காப்பு போட்டவர்கள் எல்லாரும் இங்கே இருந்தவர்கள்.

செல்லாக்காசு என்று ஒருத்தரைத் திட்டுவோம். எந்தக் காசு செல்லும், எது செல்லாது என்று முடிவு செய்தது யார், அந்த முடிவுக்கு வட்டம் கட்டியது யார் என்ற கேள்வியிலிருந்து ஒரு வரலாற்றை எழுத முடியும். அதற்கு ராஜா பெயர் தேவைப்படாது.